ஆயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு: ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

உதகைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓடிக்கொண்டிருந்த 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டாக வாங்கி, உதகையில் ஓட்டி வருகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மார்க்கெட்டுக்குப் போய் வருவதும்தான் அதன் அன்றாட வேலை. ஒரு தடவைக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. பிறகு சில மணி நேரம் குளிரில் நின்றுவிட்டு, மறுபடியும் அதே தூரம் ஓடும்.

வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக பானெட்டைத் திறந்தபோது ஆயில் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். மூடியின் உட்புறம் முழுவதும் இளமஞ்சள் நிறத்தில் பாலாடை போல, விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குப் படிந்திருந்தது. மூடி உட்காரும் கழுத்திலும் அதே படிவு இருந்தது. அதன் ஓரத்தில் தனித்தனி நீர்த்துளிகளும் தெரிந்தன. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால், குறைவாக என்றாலும் திரும்பவும் படிந்திருக்கிறது.

இங்குள்ள வொர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். மூடியைப் பார்த்த மாத்திரத்தில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலக்கிறது, ஹெட்டை இறக்கி ஃபேசிங் செய்து அதன் முகத்தைச் சமப்படுத்தியாக வேண்டும் என்று சொல்லி, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை அவர்கள் வெளியே இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இழுவை சரியாக இருக்கிறது, சூடேறுவதற்கான எச்சரிக்கை விளக்கும் ஒருநாளும் எரிந்ததில்லை.

மூடியில் உள்ள படிவை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டிவிட முடியுமா? ஹெட்டைக் கழற்றாமலே உறுதி செய்துகொள்ள வழி உண்டா? வெறும் ஈரம்தான் என்றால், அதை அப்படியே விட்டு வைப்பதால் இன்ஜினுக்குக் கேடு வருமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை மெக்கானிக்

மூடியை மட்டும் பார்த்துவிட்டு ஹெட்டை இறக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளிர்காலத்தில் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருகிற குறைந்த தூரம் ஓடிய வண்டிகளில் இதைப் பார்ப்பது எங்களுக்குச் சாதாரணம். மலையிலிருந்து இறங்கி இங்கே சமவெளியில் ஓரிரு வாரம் ஓடினால், அதே வண்டியின் மூடி தானாகவே சுத்தமாகிவிடும்.

கூலன்ட் உண்மையிலேயே ஆயிலில் இறங்கினால், அது மூடியோடு நிற்காது. சேம்பரில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியில், நிற்கும் ஆயில் முழுவதும் கலங்கி வெளுத்துப்போகும். டிப் ஸ்டிக்கை இழுத்தால் நுனியிலிருந்தே அந்த நிறம் தெரியும். அளவும் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் டிரெயின் போல்ட்டைக் கழற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் தண்ணீர் தனியாக வந்து, அதன் பின்னால்தான் காவி கலந்த வெள்ளை நிறத்தில் ஆயில் வந்திருக்கும். உங்கள் வண்டி அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை.

சில விவரங்கள் தேவை. டிப் ஸ்டிக்கின் நுனியில் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது? கூலன்ட் ரிசர்வ் பாட்டிலில் அளவு குறைகிறதா? குறைகிறதா இல்லையா என்பதைக் கண் மதிப்பில் சொல்லக் கூடாது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவு நிற்கும் இடத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டிவிட்டு, இரண்டு வாரம் அதே நேரத்தில் பார்த்து வாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வருகிறதா? குளிர் ஊரில் காலையில் வரும் புகையை நான் கேட்கவில்லை. அது எல்லா வண்டியிலும் வரும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இது சென்னையில் ஓடிய வண்டி என்கிறீர்கள். ஓவர்ஹீட் என்று வண்டி வந்தால் காரணத்தைத் தேடாமல், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடும் பழக்கம் நம் தொழிலில் இன்னும் போகவில்லை. சென்னை வெயிலில் அப்படி ஓடியது தெரியாமலே காலம் போயிருக்கும். உதகையில் அது மறைந்திருக்க முடியாது. இன்ஜின் கணினியின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, ஓட்டத்தில் கூலன்ட் வெப்பம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மசகு ஆய்வகத்தார்

மசகு எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மலைவாசிகள் பலர், பனிமூட்டம் இன்ஜினுக்குள் புகுந்து ஆயிலைக் கெடுக்கிறது என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. 20 டிகிரி செல்சியஸில், ஈரம் முழுமையாக ஏறிய ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக் குளிரில் அது 7 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு சிறிய இன்ஜினுக்குள் ஆயில் போக மிஞ்சியிருக்கும் வெற்றிடம் சில லிட்டர்தான். அந்தக் காற்றில் உள்ள ஈரம் மொத்தமும் ஒரே இரவில் நீராகப் படிந்தாலும், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தேறாது. மூடியில் நீங்கள் வழித்தெடுத்த படிவுக்கு அது போதாது.

உண்மையான ஊற்று பெட்ரோல்தான். அதில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காலையில் சைலன்சர் நுனியிலிருந்து சொட்டுவதும் இந்தத் தண்ணீரே. நகருக்குள் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் வண்டி நான்கு கி.மீ. ஓடினால், மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீரை உண்டாக்குகிறது. அதில் மிகப் பெரும் பகுதி சைலன்சர் வழியே போய்விட, ஒரு சிறு பங்கு எரிந்த வாயுவோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே சேம்பருக்குள் இறங்குகிறது. இதைத்தான் பிளோ-பை என்கிறோம். புத்தம்புது இன்ஜினிலும் இது உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் முழு அளவுக்கு விரிவடையாததால் கசிவு சற்றுக் கூடுதலாகவும், சுவர்கள் குளிர்ந்திருப்பதால் நீராவி உடனே நீராகிவிடுவதாகவும் அமைகிறது.

இப்படி இறங்கும் நீராவியை வெளியேற்றத்தான் பிசிவி வால்வு இருக்கிறது. முன்பு சேம்பரிலிருந்து ஒரு குழாய் வழியாக ஆவியைச் சாலையிலேயே விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், புகைக் கட்டுப்பாட்டுக்காக, அதை இன்டேக் பக்கம் உறிஞ்சி மறுபடியும் எரிக்கும் ஏற்பாடு வந்தது. இந்த ஏற்பாடு ஆவியைத்தான் உறிஞ்சும். ஆயிலில் நீராகக் கலந்துவிட்டதை உறிஞ்சாது. அந்த நீர் மறுபடியும் ஆவியாக வேண்டுமானால் ஆயில் சூடாக வேண்டும். இங்குதான் உங்கள் ஓட்டம் போதவில்லை. கூலன்ட் சில நிமிடங்களில் சூடேறிவிடும், ஆனால் ஆயில் அதற்கு வெகு பின்னால் வரும். குளிர் ஊரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குப் பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் சாதாரணமாகத் தேவைப்படும். டாஷ்போர்டில் நீல விளக்கு அணைந்துவிட்டதால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வதும் தவறு. அது கூலன்டைப் பற்றிய செய்தி, அதுவும் வேலை வெப்பத்தை எட்டுவதற்கு முன்பே வரும் செய்தி.

படிவு ஏன் மூடியைத் தேடிப் போய்ப் படிகிறது என்றால், இன்ஜினிலேயே வெளிக்காற்றுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த இடம் அந்தக் கழுத்துதான். கீழேயிருந்து வரும் நீராவியும் ஆயில் துளிகளும் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜின் ஆயிலில் அழுக்கைச் சுமந்து நிற்பதற்காகச் சேர்த்திருக்கும் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் ஆகிய கூட்டுப்பொருட்கள் நீரையும் விடாமல் பிடித்துக் குழம்பாக்கிவிடுகின்றன. அதனால்தான் வெள்ளை நிறம். மூடியில் பார்ப்பது அந்த மூலையின் நிலவரத்தையே சொல்கிறது. சேம்பரில் உள்ள மூன்று லிட்டரின் நிலவரத்துக்கு டிப் ஸ்டிக்கைத்தான் கேட்க வேண்டும்.

கேடு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் மெதுவாக. ஆயிலில் நீர் மூன்று நிலைகளில் இருக்கும்: கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, குழம்பாகிக் கலங்கலாகத் தெரிவது, தனியாகப் பிரிந்து அடியில் நிற்பது. முதல் நிலையால் பெரிய தொல்லை இல்லை. இரண்டாவது நிலைக்கு வந்தால் பேரிங்குகளுக்கு இடையே ஆயில் படலத்தின் தாங்குதிறன் குறையும். பிளோ-பையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நீரோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் வைத்திருக்கும் காரச் சத்து வேகமாகத் தீரும். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கூட்டுப்பொருளும் நீரால் சிதையும். பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைந்துவிட்டதால், பழைய காலத்துக் கந்தக அமிலத் தொல்லை பெருமளவு தணிந்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

பரிசோதனைக் கூடங்களில், ஆயிலில் நீர் 0.2 சதவீதத்தைத் தொட்டாலே பொதுவாக எச்சரிக்கைக் குறிப்பு எழுதுவோம். மூன்று லிட்டர் ஆயிலில் அது வெறும் 6 மில்லிலிட்டர். மேலே சொன்ன கணக்கில், நான்கு கி.மீ. ஓட்டத்தில் உண்டாகும் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு சேம்பரில் தங்கினால்கூட 3 மில்லிலிட்டர் ஆகிவிடும். அப்படியானால் ஒவ்வொரு வண்டியும் சில நாட்களில் கெட்டுப்போக வேண்டுமே என்று கேட்பீர்கள். சூடாகும் ஒவ்வொரு ஓட்டமும் அதைத் துரத்திவிடுவதால்தான் கெடுவதில்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு பழைய முறை உண்டு. டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை, 150 டிகிரிக்கு மேல் சூடான இரும்புத் தகட்டில் விட்டால், நீர் இருக்கும் பட்சத்தில் படபடவென்று வெடித்துக் குமிழி விடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவும். 500 முதல் 1000 பிபிஎம் வரையிலான நீரைக்கூட இதில் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி அணிந்துகொண்டு, திறந்த இடத்தில், ஒரே ஒரு சொட்டை மட்டும் விடுங்கள். இதில் ஒரு குறை உண்டு. கூலன்ட் கலந்திருந்து, அதிலுள்ள நீர் ஏற்கெனவே ஆவியாகிப் போயிருந்தால், தகடு சத்தம் போடாது. ஆனால் கூலன்டில் உள்ள கிளைக்கால் 197 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் ஆயிலிலேயே தங்கியிருக்கும். அந்தச் சந்தேகம் தீர வேண்டுமானால் ஆயில் மாதிரியைக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கூலன்டில் துருத்தடுப்புக்காகச் சேர்க்கும் சோடியம் அல்லது பொட்டாசியம் ஆயிலில் அளவுக்கு மீறி இருந்தால், நீர் இல்லாவிட்டாலும் கூலன்ட் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

உதகைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. கேட்ட விவரங்களைச் சேகரித்துக்கொண்டு எழுதலாம் என்றுதான் தாமதித்தேன்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பழுப்பு நிறத்தில் தெளிவாகவே இருக்கிறது. நுனியில் வெண்மை ஏதுமில்லை. ஆனால் டிப் ஸ்டிக் குழாயின் மேல் பகுதி உரசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வெண்படிவு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆயில் அளவு மேல் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. கூலன்ட் பாட்டிலில் ஒட்டிய டேப்பை விட்டு அளவு அசையவில்லை. சூடான பிறகு வெண்புகை இல்லை. கூலன்டில் ஆயில் மிதக்கவும் இல்லை.

கோவை அண்ணா சொன்னபடி ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன். ஊருக்குள் ஓடும்போது கூலன்ட் வெப்பம் 55 முதல் 60 டிகிரியைத் தாண்டவில்லை. குன்னூர் வரை இறங்கியபோது 50க்கும் கீழே போனது. திரும்பி ஏறும்போது 75 வரை வந்தது, மேட்டுப் பகுதி முடிந்ததும் மறுபடியும் இறங்கிவிட்டது. பி0128 என்ற ஒரு கோளாறுக் குறியீடும் பதிவாகியிருந்தது. இது தெர்மோஸ்டாட்டைத்தான் காட்டுகிறதா?

ஆய்வகத்தார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று படித்திருக்கிறேன். ஆயில் 100 டிகிரியைத் தாண்டினால்தான் நீர் போகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, மலையில் அந்த வரம்பு குறையுமா?

ஸ்கார்பரோவாசி

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே ஜனவரியில் மறை 20 பாகைக்கு (மைனஸ் 20 டிகிரிக்கு) போகும் நாட்களில் இந்த வெண்படிவு மிகச் சாதாரணம். கராஜ்காரர் துடைத்துவிட்டு மூடிவிடுவார். இங்கே எங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. கடுங்குளிரில் இந்த ஈரம் பிசிவி குழாய்க்குள்ளேயே உறைந்து அதை அடைத்துவிடும். அடைபட்டால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடி, டிப் ஸ்டிக் வழியாகவோ ஒயில் சீல் வழியாகவோ ஒயிலை வெளியே தள்ளிவிடும். அதற்காகவே சில வாகனங்களில் அந்தக் குழாய்க்குச் சூடாக்கி பொருத்தியிருப்பார்கள். உதகையில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், குழாய் அழுக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். மெதுவாக உள்ளே இழுத்துப் பிடித்தால் பிசிவி வேலை செய்கிறது. மேலே தள்ளினால் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விடயம். வாகனத்தை ஐடிலில் விட்டுச் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ரிமோட் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வீட்டுக்குள் இருப்பவர்கள் அதிகம். சுமை இல்லாமல் ஓடும் எஞ்சின் ஒயிலைச் சூடாக்குவது மிகக் குறைவு. அதற்கிடையில் குளிர் எஞ்சின் தேவைக்கு மேல் பெற்றோலை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை ஒயிலுக்குள் கழுவிவிடும். ஈரத்தைப் போக்கப் போய்ப் பெற்றோலையும் சேர்த்துக்கொண்ட கதையாகிவிடும். ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்துக்குள் புறப்பட்டு, முதல் சில கிலோமீற்றர்களுக்கு அமுக்கி ஓட்டாமல் போவதே மேல்.

சேலத்துக்காரர்

இடையில் ஒரு கேள்வி. இப்போது எங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தானே கிடைக்கிறது? எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்கிறார்கள். அதனால்தான் இந்தப் படிவு கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மசகு ஆய்வகத்தார்

சேலத்து நண்பருக்கு: எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பது பெட்ரோல் டேங்குக்குள் நடக்கும் விஷயம்; இந்தப் படிவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. எரியும்போது உண்டாகும் தண்ணீரைக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் எத்தனால் தருவது பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் எத்தனாலுக்கு ஆற்றல் குறைவு என்பதால் அதே தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டியிருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், 20 சதவீதக் கலவையில் ஒரு கிலோமீட்டருக்கு உண்டாகும் தண்ணீர் சிறிதளவு கூடும், அவ்வளவே. கவனிக்க வேண்டிய இடம் வேறு. எத்தனால் ஆவியாவதற்கு அதிக வெப்பம் எடுத்துக்கொள்வதால், குளிர் இன்ஜினில் அது எரியாமல் சுவரோடு ஒட்டி ஆயிலில் இறங்குவதற்கு வாய்ப்பு இருக்கிறது; இறங்கினால் நீரோடு கைகோத்துக் குழம்பை நிலைக்க வைக்கும். அதுவும் ஆயில் சூடானால் நீங்கிவிடக் கூடியதே. உதகை நண்பரின் வண்டியில் முதல் குற்றவாளி எத்தனால் என்று நான் சொல்ல மாட்டேன்.

உதகை நண்பருக்கு: 100 டிகிரி என்ற வரம்பே சரியல்ல. கொதித்தால்தான் நீர் ஆவியாகும் என்றால் கொடியில் போட்ட துணி காய்வது எப்படி? ஆயில் 80 டிகிரியைத் தாண்டி, மேலே காற்றோட்டமும் நடந்துகொண்டிருந்தால், நீர் கொதிக்காமலே நீங்கத் தொடங்கும். வெப்பம் கூடக் கூட வேகம் கூடும். மலையில் கொதிநிலை ஏழெட்டு டிகிரி குறைவது உங்களுக்கு ஓரளவு சாதகம். ஆனால் கூலன்டே 60 டிகிரியில் நிற்கும் வண்டியில் அந்தச் சாதகத்தால் பயனில்லை.

ஆயில் அளவு மேல் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஊற்றிய ஆளே கூடுதலாக ஊற்றியிருக்கலாம். இல்லையென்றால், நீரும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து அளவை ஏற்றியிருக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆயிலை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோவை மெக்கானிக்

இனி யோசிக்க வேண்டியதில்லை. 55, 60 டிகிரியில் நிற்பதும், இறக்கத்தில் இன்னும் விழுவதும், ஏற்றத்தில் மட்டும் ஏறுவதும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருப்பதற்கோ, அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லாததற்கோ உரிய அடையாளம். பி0128 குறியீடும் அதையேதான் சொல்கிறது: எதிர்பார்த்த நேரத்துக்குள் கூலன்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்று. கூலன்ட் அளவு குறைவாக இருந்தாலும் இந்தக் குறியீடு வரலாம். உங்களுக்கு அளவு அசையவில்லை என்பதால் அதைத் தள்ளிவிடலாம்.

தெர்மோஸ்டாட் என்பது, ரேடியேட்டருக்குப் போகும் வழியைக் குளிர் நேரத்தில் அடைத்து வைக்கும் ஒரு சிறிய கதவு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 82 முதல் 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். உதகைக் காற்றில் ரேடியேட்டர் சொல்லவா வேண்டும்! இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, இன்ஜின் கணினியான ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைவதும் ஆயில் அளவு ஏறுவதும் இதனால்தான் இருக்கும். ஹீட்டர் போட்டால் சரியாகச் சூடு வருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வராது என்று அடித்துச் சொல்வேன்.

ஹவுசிங்கைக் கழற்றி, உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை வெந்நீரில் போட்டுச் சோதித்து நேரத்தை வீணாக்காமல், கம்பெனி பாகத்தையே புதிதாக வாங்கி, ரப்பர் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நீங்கள் வாங்கிவந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்கு ஆவதே அரிது. கூலன்டை இறக்கித்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால், புது கூலன்டை ஊற்றி, காற்று அடைப்பு இல்லாமல் ப்ளீட் செய்வது முக்கியம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை முன்பு யாரோ கழற்றியிருந்தால், ஏன் கழற்றினார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்த வண்டி சென்னையில் சூடேறியிருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் கோளாறு, வாட்டர் பம்ப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்; ஹெட் கேஸ்கட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் புதியதை மாட்டிய பிறகு ஃபேன் உரிய வெப்பத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். ஒன்று, கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து உறிஞ்சுவது. எரிந்த வாயு கூலன்டில் கலந்தால் அந்தத் திரவம் மஞ்சளாகிவிடும். இரண்டுக்கும் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் அந்த எஸ்டிமேட் தாளைக் கிழித்துப் போடலாம்.

ஆயில் விஷயத்தில், தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, சூட்டோடு சூடாக இறக்கிவிடுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். உள்ளே படிந்ததைக் கழுவுகிறேன் என்று யாராவது டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ஓடவிடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவற்றுக்குப் பேரிங்கைக் காக்கும் கனம் கிடையாது. முழுவதும் வடியாமல் அடியில் தங்குவது புது ஆயிலையும் கெடுக்கும். படிவு வெறும் ஈரம்தான் என்பதால் சூடான ஆயிலே அதைக் கரைத்துவிடும். மூடியையும் கழுத்தையும் துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்த மாற்றத்துக்குப் புத்தகத்தில் உள்ள 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்ற கணக்கை நம்ப வேண்டாம். குறைந்த தூர ஓட்டத்தையும் குளிரையும் கடினமான பயன்பாடு என்றே அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஆறு மாதம்தான் சரி. கிலோமீட்டர் ஓடவில்லையே என்று பார்க்காதீர்கள். குளிர் முடிந்த பிறகு, பிப்ரவரிக் கடைசியில் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், அந்தப் பருவத்தில் சேர்ந்த அமிலமும் சேர்ந்தே வெளியேறும்.

உதகைவாசி

ஹவுசிங்கைக் கழற்றினோம். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. வெறும் சீல் மட்டும்தான் இருந்தது. புதியது மாட்டியபின் ஊருக்குள்ளேயே 84, 85 டிகிரி காட்டுகிறது. ஃபேன் ஓடுகிறது, அழுத்தச் சோதனையில் முள் இறங்கவில்லை, நீலத் திரவமும் நிறம் மாறவில்லை. ஆயிலை மாற்றுவதற்கு முன்பு மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பி ஏறினோம். மூடி கிட்டத்தட்ட சுத்தமாகிவிட்டது, ஆனால் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டிலிருந்து நடுப்பகுதிக்கு இறங்கியிருக்கிறது. இது புதுக் கவலையாக இருக்கிறது. இன்ஜின் ஆயில் குடிக்கிறதா?

மசகு ஆய்வகத்தார்

பெரும்பாலும் இல்லை. இத்தனை நாளாக அளவை ஏற்றி வைத்திருந்த நீரும் பெட்ரோலும் மலையேற்றத்தின் சூட்டில் ஆவியாகிப் போயிருக்கும்; மிஞ்சியிருப்பதே உண்மையான ஆயில் அளவு. இதற்கு அடியில் மறைந்திருந்த ஆயில் செலவு ஏதாவது உண்டா என்பது புது ஆயில் ஊற்றிய பிறகுதான் தெரியும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல் கோடு வரை சரியாக ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில் நிறுத்தி, அதே முறையில் பாருங்கள். கால் லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடியும் இங்கே எழுதுங்கள். அப்போது ரிங்கையும் வால்வு சீலையும் பற்றிப் பேசலாம்.